சந்தையைக் கொடுத்துச் சந்தை வாங்கிய நாடு



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்குத் தென்கொரியாவை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்றாலே நம் நாளிதழ்களில் இரண்டு விதமாகத்தான் எழுதுகிறார்கள். ஒரு பக்கம் “வரலாற்றுச் சிறப்புமிக்க உடன்பாடு”, இன்னொரு பக்கம் “நாட்டை விற்றுவிட்டார்கள்”. இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதையே தேசியக் கொள்கையாக வைத்திருந்த ஒரு நாட்டின் கணக்கைப் புரட்ட வேண்டும். 2023 தொடக்கத்தில் கொரியாவின் கையில் 59 நாடுகளோடு 21 ஒப்பந்தங்கள் நடைமுறையில் இருந்தன. 2004க்கு முன் அதனிடம் ஒன்றுகூட இல்லை.

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் இரண்டு பேரங்கள் உண்டு. ஒன்று வெளிநாட்டோடு நடக்கிறது, மற்றொன்று சொந்த நாட்டு மக்களோடு நடக்கிறது. முதல் பேரத்தில் கொரிய அதிகாரிகள் உலகத்துக்கே பாடம் நடத்தக்கூடிய திறமை காட்டினார்கள். இரண்டாவது பேரத்தை அரைகுறையாக முடித்தார்கள். அதன் விலையை இன்றும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்நாட்டு உழவர்கள். இதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

கொரியாவுக்கு ஏற்றுமதி என்பது வெறும் பொருளாதாரக் கொள்கை இல்லை. 1964இல் அந்நாட்டின் ஆண்டு ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டபோது, அந்த நாளையே ‘ஏற்றுமதி தினம்’ என்று அறிவித்துக் கொண்டாடினார்கள். அதிபர் பார்க் சுங் ஹீ மாதந்தோறும் ஏற்றுமதி ஊக்குவிப்புக் கூட்டத்துக்குத் தாமே தலைமை ஏற்பார். அன்று விற்ற பொருள்கள் ஒட்டுப்பலகையும் தலைமுடி டோப்பாவும். 2011 டிசம்பர் 5 அன்று ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்து அந்த ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியதும், அந்தத் தினத்தையே டிசம்பர் 5க்கு மாற்றிவிட்டார்கள். ஏற்றுமதிக் கணக்கை நாட்காட்டியில் பொறித்துக்கொண்ட நாடு வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட நாடு ஏன் 1998 வரை எவரோடும் தனி ஒப்பந்தம் போட முயலவில்லை? அதுவரை அதற்குத் தேவைப்படவில்லை. காட், பிறகு உலக வர்த்தக நிறுவனம் என்ற பொது ஏற்பாட்டின் கீழ், எல்லாருக்கும் ஒரே வரி என்ற விதியே அதற்கு லாபமாக இருந்தது. தன் சந்தையை இறுக்கிப் பூட்டிக்கொண்டு பிறர் சந்தையில் விற்க முடிந்தது. பிறகு மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. 1994இல் வட அமெரிக்க ஒப்பந்தம் வந்தது. ஐரோப்பா ஒன்றுபட்டு விரிந்தது. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி கொரியாவை முழங்காலிட வைத்தது; பன்னாட்டு நிதியத்தின் கடனுக்காக அரசு கையெழுத்திட்ட அந்த நாட்களைக் கொரியர்கள் இன்றும் ‘ஐஎம்எஃப் காலம்’ என்றே சொல்கிறார்கள். பொதுமக்கள் வீட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்து கொடுத்த காலம் அது. அடுத்த ஆண்டு நவம்பரில் கிம் டே ஜுங் அரசு தன் முதல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கு ஆள் தேடியது. தேர்ந்தெடுத்தது சிலியை.

ஏன் சிலி? தொலைவில் இருக்கும் சிறிய நாடு. அங்கே கோடை என்றால் கொரியாவில் குளிர்காலம், அதனால் பழங்கள் ஒரே பருவத்தில் மோதாது. கொரிய விவசாயிகளுக்கு வலி குறைவாக இருக்கும் ஒப்பந்தமாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அப்படி எடுத்தும், 1999 டிசம்பரில் தொடங்கிய பேச்சு 2002 அக்டோபர் வரை இழுத்தது.

இந்த ஒப்பந்தத்தின் உள்ளே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அச்சு இதுதான். கொரியாவில் திராட்சைக்கு 45 விழுக்காடு இறக்குமதி வரி இருந்தது. அதைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நீக்க ஒப்புக்கொண்டார்கள், ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வந்து இறங்கும் திராட்சைக்கு மட்டும். உள்நாட்டுத் திராட்சை சந்தைக்கு வரும் மே முதல் அக்டோபர் வரை பழைய வரி அப்படியே. அரிசி, ஆப்பிள், பேரிக்காய் மூன்றும் ஒப்பந்தத்துக்கு வெளியே. பதிலுக்குச் சிலி கொரியாவின் குளிர்சாதனப் பெட்டியையும் துணி துவைக்கும் எந்திரத்தையும் வெளியே வைத்தது. பூண்டு, வெங்காயம், மிளகாய் பற்றி உலக வர்த்தகப் பேச்சு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வரி விதித்த இந்தப் பருவகால உத்தியை நான் மெச்சுகிறேன். மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தங்கள் நிலமும் அதன் பருவமும் தெரிந்திருந்தன.

இவ்வளவு பார்த்துச் செய்தும் உழவர்கள் நம்பவில்லை. அவர்களுக்கு நம்ப வேண்டிய காரணமும் இல்லை. லீ கியுங் ஹே என்ற பெயரை இங்கே சொல்ல வேண்டும். வட ஜியோல்லா மாகாணத்தின் ஜாங்சு பகுதிக்காரர். மலைச்சரிவைத் திருத்தி மாதிரிப் பண்ணை அமைத்து, மாடு வளர்த்து, இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். சந்தை திறக்கப்பட்டு மாட்டிறைச்சி விலை சரிந்ததில் அந்த நிலத்தைக் கடனுக்கு இழந்தார். மாகாண சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2003 செப்டம்பர் 10 அன்று, மெக்சிகோவின் கான்கூனில் உலக வர்த்தக நிறுவன மாநாடு நடந்த இடத்துக்கு வெளியே, தடுப்புவேலியின் மேலிருந்து தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கொரியர்களின் அறுவடைத் திருநாளான சுசோக் சமயம் அது. அவருடைய எதிர்ப்பு சிலி ஒப்பந்தத்தை மட்டும் குறிவைத்தது அல்ல. ஆனால் அடுத்த சில மாதங்களில் சியோல் நாடாளுமன்றத்தில் சிலி ஒப்பந்தம் வந்தபோது, அந்தச் சாவின் நினைவும் அவையில் இருந்தது. கிராமத் தொகுதி உறுப்பினர்கள் கட்சி வேறுபாடு பார்க்காமல் ஒன்றுசேர்ந்து மேடையை மறித்தார்கள். வாக்கெடுப்பு மீண்டும் மீண்டும் தள்ளிப்போய், 2004 பிப்ரவரி 16 அன்று 162க்கு 71 என்ற கணக்கில் நிறைவேறியது. ஏப்ரல் 1 முதல் நடைமுறை.

நடந்தது என்ன? கொரியக் கார்களும் கைப்பேசிகளும் சிலியில் விற்றன. சிலி ஒயின் சியோலில் வீடுதோறும் தெரிந்த பெயராயிற்று. திறந்தவெளித் திராட்சைத் தோட்டங்கள் அஞ்சியபடி அழியவில்லை. பின்னாளில் ஷைன் மஸ்கட் என்ற ரகத்தைப் பிடித்துக்கொண்டு கொரிய விவசாயிகள் வெளிநாட்டுக்கே திராட்சை அனுப்பினார்கள். இதை ஒப்பந்த ஆதரவாளர்கள் உற்சாகமாகச் சொல்வார்கள், சொல்லட்டும், உண்மைதான். அவர்கள் சொல்லாமல் விடுவது வேறு. குளிர்காலத்தில் ஒரு குடும்பம் பழத்துக்கென்று வைத்திருக்கும் பணம் ஒன்றுதான். சிலித் திராட்சை வாங்கிய வீடு அந்த வாரம் ஜேஜு தீவின் ஆரஞ்சை வாங்காது. ஆரஞ்சு விவசாயி ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை, நட்டம் மட்டும் அவர் பக்கத்தில்.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தை மூடிவிட்டுப் போக விரும்புகிறவர்களுக்கு அரசு இழப்பீடு அறிவித்தது. பட்டியலில் பீச் பழமும் இருந்தது. முதியவர்கள் பலர் பணத்தை வாங்கிக்கொண்டு பீச் மரங்களை வெட்டினார்கள். ஆனால் தாவர நோய்த்தடுப்பு விதிகளால் சிலியின் பதப்படுத்தாத பீச் பழம் கொரியாவுக்குள் வரவே இல்லை. வராத பழத்துக்காக மரங்கள் வீழ்ந்தன. உள்நாட்டுப் பேரத்தை அலுவலக மேசையிலிருந்து நடத்தினால் இப்படித்தான் ஆகும்: பணம் செலவாகும், இழப்பு உண்மையில் யாருக்கு வருகிறதோ அவருக்குப் போய்ச் சேராது.

சிலிக்குப் பிறகு வேகம் கூடியது. ரோ மூ ஹியுன் அரசு 2003இல் ஒரு வழித்திட்டம் வகுத்தது. கிம் ஹியுன் சோங் வர்த்தக அமைச்சராக அதை முடுக்கினார். சிங்கப்பூர், ஐரோப்பியத் தடையற்ற வர்த்தகச் சங்க நாடுகள், ஆசியான், இந்தியா, ஐரோப்பிய ஒன்றியம், பெரு, அமெரிக்கா, துருக்கி, ஆஸ்திரேலியா, கனடா, சீனா, வியட்நாம் என்று வரிசை நீண்டது. இதை ‘பொருளாதார நிலப்பரப்பு’ விரிகிறது என்று அரசு விளம்பரம் செய்தது. எல்லாவற்றிலும் அரிசிக்கு மட்டும் கதவு அடைத்தே இருந்தது. அதற்காகவே தாய்லாந்து ஆசியான் ஒப்பந்தத்தின் சரக்குப் பகுதியில் முதலில் கையெழுத்திட மறுத்தது. கொரியா அசையவில்லை. இன்றும் ஆண்டுக்கு 4,08,700 டன் அரிசி 5 விழுக்காடு வரியில் வரும். அதற்கு மேல் வருவதற்கு 513 விழுக்காடு.

இந்த ஒப்பந்தங்கள் எல்லாவற்றின் உயிர்நாடி ஒரு தாளில் இருக்கிறது. நம் ஏற்றுமதியாளர்கள் ‘சி.ஓ.’ என்று சொல்லும் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ். பொருள் உண்மையிலேயே அந்த நாட்டில் உருவானது என்று காட்டினால்தான் வரிச் சலுகை. இந்திய-கொரிய உடன்பாட்டில் பொதுவிதி இது: பொருளின் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும், சுங்கப் பட்டியலில் அதன் ஆறிலக்க எண்ணும் மூலப்பொருளின் எண்ணிலிருந்து மாறியிருக்க வேண்டும். கொரியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு 6,000 யூரோவுக்கு மேல் அனுப்புகிறவர் சுங்கத்துறையிடம் முன்கூட்டியே அங்கீகாரம் பெற்ற ஏற்றுமதியாளராக இருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் விதி வேறு. பொருளியல் அறிஞர் ஜகதீஷ் பகவதி இதைச் சிக்கிய ஸ்பகெட்டிக் கிண்ணமாகப் பார்த்து 1995லேயே எச்சரித்தார். ஹூண்டாய்க்கு இது ஒரு தனித் துறையின் வேலை. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கோ, சலுகையைவிடத் தாள் வேலைக்குச் செலவு அதிகம். ஒப்பந்தம் அச்சில் எல்லாருக்கும், பயன் சான்றிதழ் எடுக்கத் தெரிந்தவருக்கு.

இந்தத் தாளை வைத்துக் கொரியா செய்த ஒரு காரியம் என்னை இன்றும் நெகிழவைக்கிறது. எல்லைக்கு அப்பால், வடகொரியாவின் கேசாங்கில், தெற்கின் முதலும் வடக்கின் தொழிலாளர்களும் சேர்ந்த தொழிற்பேட்டை 2004இல் இயங்கத் தொடங்கியது. முதலில் வந்த சரக்கு சமையல் பாத்திரம். டிசம்பர் 15 அன்று அங்கே செய்த பாத்திரம் அன்றே சியோலின் பேரங்காடியில் விற்பனைக்கு வந்து தீர்ந்தது. இந்தப் பாத்திரத்தையும் அங்கே தைத்த சட்டையையும் ‘கொரியப் பொருள்’ என்று உலகம் ஏற்க வேண்டும் என்று கொரிய அதிகாரிகள் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கேட்டார்கள். சிங்கப்பூர் ஏற்றது. ஆசியான் ஏற்றது. இந்தியாவும் ஒரு பட்டியல் பொருள்களுக்கு ஏற்றது. அமெரிக்கா குழு அமைத்துப் பார்க்கலாம் என்று ஒதுக்கியது. பிரிந்த நாட்டைச் சுங்கப் படிவத்தில் இணைக்கப் பார்த்த முயற்சி அது. 2016 பிப்ரவரியில் பேட்டை மூடப்பட்டது. ஒப்பந்தங்களில் அந்தப் பிரிவுகள் மட்டும் இன்னும் இருக்கின்றன.

இந்தியா பற்றி ஒரு சொல். 2010 ஜனவரி 1 முதல் நமக்கும் கொரியாவுக்கும் விரிவான பொருளாதாரக் கூட்டு உடன்பாடு நடைமுறையில் இருக்கிறது. ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டைக் கார் ஆலை அதற்கு முன்பே, 1998இல் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. அதாவது ஆலை நம்மிடம் வந்தது உயர்ந்த வரிச்சுவரைத் தாண்டுவதற்காக, ஒப்பந்தத்தால் அல்ல. ஒப்பந்தம் வந்தபின் மலிந்தவை உதிரிபாகம், எஃகு, பிளாஸ்டிக் மூலப்பொருள், மின்னணுச் சாதனங்கள். 2009-10இல் கொரியாவோடு நமக்கிருந்த வர்த்தகப் பற்றாக்குறை 5 பில்லியன் டாலரை ஒட்டியது. 2023-24இல் 14 பில்லியனைத் தாண்டியது. நாம் அனுப்புவது பெரும்பாலும் நாப்தா, அலுமினியம், துத்தநாகம். பற்றாக்குறை என்றாலே தீமை என்று நான் வாதிடவில்லை. கொரிய எஃகும் உதிரிபாகமும் ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் வேலையாக மாறுகின்றன. என் கவலை வேறு. உடன்பாட்டைத் திருத்த 2016 முதல் பேசிக்கொண்டிருக்கிறோம். இத்தனை ஆண்டுகளில் எந்த இந்தியச் சிறுதொழில் இதனால் என்ன இழந்தது என்று மாவட்ட வாரியாக ஓர் அரசுக் கணக்கைப் பொதுவில் வைத்திருக்க வேண்டாமா?

இனி அமெரிக்க ஒப்பந்தம். கொரிய அரசியலை இதைப்போல உலுக்கியது வேறில்லை. 2006இல் பேச்சு தொடங்குவதற்கு முன்பே, நுழைவுக் கட்டணம்போல, திரையரங்குகள் உள்நாட்டுப் படங்களை ஓட்ட வேண்டிய நாட்களை 146இலிருந்து 73ஆகக் குறைக்க முடிவெடுத்தார்கள். ‘ஓல்ட்பாய்’ நடிகர் சோய் மின் சிக் அரசு தந்த விருதைத் திருப்பிக் கொடுத்தார். கொரிய சினிமா பிழைத்ததோடு உலகையும் வென்றது. அந்த அச்சம் பொய்த்தது. 2008இல் மாட்டிறைச்சிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது பள்ளி மாணவிகள் தொடங்கிவைத்த மெழுகுவத்திப் போராட்டம் லட்சக்கணக்கில் வளர்ந்து, அதிபர் லீ மியுங் பாக்கை மன்னிப்புக் கேட்க வைத்தது. 2007இல் கையெழுத்தான ஒப்பந்தத்தை 2010இல் அமெரிக்கா மீண்டும் திறந்தது. கார்களுக்கு உடனே நீங்க வேண்டிய 2.5 விழுக்காடு வரியை ஐந்தாம் ஆண்டுக்குத் தள்ளியது. 2011 நவம்பர் 22 அன்று உறுப்பினர் கிம் சுன் டோங் அவைக்குள் கண்ணீர்ப்புகைக் குண்டை வெடிக்கச் செய்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே 151க்கு 7 என்று நிறைவேற்றினார்கள். 2012 மார்ச் 15 முதல் நடைமுறை. 2018இல் டிரம்ப் அரசு மறுபடியும் திறந்தது: பிக்கப் லாரிகளுக்கான 25 விழுக்காடு வரி 2021இல் முடிய வேண்டியது, 2041 வரை நீண்டது. எஃகுக்கு அளவு வரம்பு வந்தது.

சீனா இன்னொரு விதத்தில் கற்றுக்கொடுத்தது. 2015 டிசம்பரில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஓராண்டுக்குச் சற்று மேல் கழித்து, சீனா எதிர்த்த அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்புக்குக் கொரியாவின் லோட்டே நிறுவனம் தன் கோல்ஃப் மைதானத்தைக் கொடுத்ததும், சீனாவிலிருந்த அதன் கடைகளில் பெரும்பாலானவை தீப்பாதுகாப்பு விதி மீறல் என்ற காரணத்தில் மூடப்பட்டன. சுற்றுலாக் குழுக்கள் நின்றன. ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவும் உதவிக்கு வரவில்லை.

பிறகு 2025. ஏப்ரலில் அமெரிக்கா கார்களுக்கு 25 விழுக்காடு வரி விதித்தது, கொரியக் கார் உட்பட. ஜூலை இறுதியில் 350 பில்லியன் டாலர் முதலீட்டு வாக்குறுதி கொடுத்து, கொரியா அதை 15 விழுக்காடு என்று பேசி முடித்தது. ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அதே 15. கவனியுங்கள்: ஒப்பந்தம் இல்லாத ஜப்பான் அதுவரை 2.5 விழுக்காடு கட்டியது, ஒப்பந்தம் உள்ள கொரியா எதுவும் கட்டவில்லை. அந்த இடைவெளிக்காகத்தான் இத்தனை ஆண்டுப் போராட்டம். அது ஒரே கோடையில் மறைந்தது.

மறுபக்கத்தைப் பாருங்கள். அமெரிக்க மாட்டிறைச்சிக்குக் கொரியாவில் 40 விழுக்காடு வரி இருந்தது. பதினைந்து ஆண்டுகளில் சம தவணைகளில் நீக்குவதாக ஒப்புக்கொண்டார்கள். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. 2026 ஜனவரி 1 அன்று அது பூஜ்யமானது. தொழிற்சாலைக்குக் கிடைத்ததை ஓர் அதிபரின் கையெழுத்து திருப்பி எடுத்துக்கொண்டது. மாடு வளர்ப்பவர் கொடுத்தது கொடுத்ததுதான். ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பத்திகள் இவை. வலியவரோடு இருதரப்பாக உட்காரும் ஏற்றுமதி நாட்டின் நிலை இது. கொரிய விவசாயக் குடும்பங்களின் மக்கள்தொகை 2000இல் 40 லட்சம், 2023இல் ஏறத்தாழ 21 லட்சம். அவர்களில் பாதிக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். இந்தச் சரிவு முழுவதையும் ஒப்பந்தங்களின் தலையில் கட்டுவது நியாயமாகாது. நகரமும் கல்வியும் இளைஞரை இழுத்தன. ஆனால் இழக்கப்போகிறவர்கள் இவர்கள்தான் என்று தெரிந்தே கையெழுத்திட்ட அரசுக்குக் கடமை கூடுதல்.

அந்தக் கடமையை நிறைவேற்ற ஒரு வழி முன்மொழியப்பட்டது. ஒப்பந்தத்தால் லாபம் பெறும் தொழில்துறையிடமிருந்து ஒரு பங்கைச் சட்டப்படி எடுத்து, நட்டமடையும் விவசாயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று உழவர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டன. யாருடைய லாபம் ஒப்பந்தத்தால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது என்று தொழில்துறை எதிர்த்தது. 2015இல் சீன ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வாங்க வேண்டிய நெருக்கடியில் ஒரு சமரசம் பிறந்தது: ஆண்டுக்கு 100 பில்லியன் வோன் வீதம் பத்தாண்டுகளுக்கு நிறுவனங்கள் மனமுவந்து கொடுக்கும் நிதி. 2017இல் தொடங்கியது. சேர்ந்த பணம் ஆண்டுதோறும் இலக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. கொடுத்ததிலும் பெரும்பங்கு அரசுத்துறை நிறுவனங்களுடையது. கார் விற்றவர்களும் கைப்பேசி விற்றவர்களும் பின்வரிசையில்தான் நின்றார்கள்.

இப்போது டெல்லியும் வரிசையாக ஒப்பந்தங்கள் போட்டுவருகிறது. ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா, ஐரோப்பியத் தடையற்ற வர்த்தகச் சங்கம், பிரிட்டன். கொரியாவிடமிருந்து பருவகால வரியைக் கற்கலாம், சான்றிதழ் வேலையைச் சிறு நிறுவனங்களுக்கு எளிதாக்கும் உதவி மையங்களைக் கற்கலாம், அரிசியைக் காத்த பிடிவாதத்தைக் கற்கலாம். எதை முதலில் எடுப்பீர்கள் என்று என்னைக் கேட்டால், சியோலில் நிறைவேறாமல் போன அந்தச் சட்டத்தைத்தான் எடுப்பேன்: ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளிலேயே பங்கும் பிடிக்கப்பட வேண்டும், மனமுவந்து அல்ல, ஜிஎஸ்டி பிடிப்பதுபோலக் கட்டாயமாக.